கடினம் போதவில்லையா, அளவு பொருந்தவில்லையா: .45 பிஸ்டலில் கனமான வார்ப்பு ஈயக் குண்டு

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். டெக்சாஸில் இருக்கிறீர்கள். கையில் ஐந்து அங்குலக் குழல் கொண்ட 1911 வகைப் பிஸ்டல். .45 கோல்ட் ரிவால்வருக்காகச் செய்யப்பட்ட 255 கிரெயின் (ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம்) குண்டு வார்க்கும் அச்சு ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதில் வார்த்த ஈயக் குண்டுகளை .45 ஏசிபி (1911-க்குரிய தோட்டா) உறைகளில் பொருத்திச் சுட்டால், சில தோட்டாக்களுக்கு ஸ்லைடு, அதாவது துப்பாக்கியின் முன்பின் நகரும் மேற்பகுதி, முழுவதும் மூடாமல் பாதியில் நின்றுவிடுகிறது. குழலின் தொடக்கத்தில் ஈயம் அப்பிக்கொள்கிறது. ‘கலவையை இன்னும் கடினமாக்கினால் சரியாகிவிடுமா, லினோடைப் என்ற அச்செழுத்து உலோகம் எவ்வளவு சேர்க்கலாம்’ என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி கடினத்தைப் பற்றியது என்றாலும், நீங்கள் விவரித்த இரண்டு கோளாறுகளும் அளவுப் பொருத்தத்தைத்தான் சுட்டுகின்றன. கடினத்தைக் கூட்டினால் முதல் கோளாறு அப்படியே இருக்கும்; இரண்டாவது பெரும்பாலும் மோசமாகும்.

நான் உலோகவியல் படித்தவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி மின்கலத் தகடுகளுக்கான ஈயம்-ஆன்டிமணிக் கலவைகளோடு கழிந்தது. குண்டு வார்ப்பதும் தோட்டா நிரப்புவதும் நீண்டகாலப் பொழுதுபோக்கு. எனவே உலோகத்தைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். உங்கள் துப்பாக்கியைப் பற்றிச் சொல்வதெல்லாம் அதைக் கையில் எடுத்துப் பார்க்காமல் சொல்வது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெடிமருந்தின் அளவை நான் சொல்லப் போவதில்லை. முன்பின் தெரியாதவர் எழுதும் கிரெயின் கணக்கை நம்பி யாரும் மருந்து போடக் கூடாது. அது என் எழுத்துக்கும் பொருந்தும். மருந்து உற்பத்தியாளரும் குண்டு உற்பத்தியாளரும் அச்சிட்டு வெளியிடும் பட்டியலில் உங்கள் குண்டின் எடையும் வடிவமும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதுவே ஒரு பதில்.

முதலில் அந்த 255 கிரெயின் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். .45 கோல்ட் தோட்டா 1873-ஆம் ஆண்டின் குழந்தை. கறுப்பு மருந்துக் காலத்தது. அதன் உறை 1.285 அங்குல நீளம். உள்ளே இடம் தாராளம். அதனால் 255 கிரெயின், அதாவது பதினாறரை கிராம் எடையுள்ள குண்டை அது சிரமமின்றிச் சுமந்தது. ஜான் பிரவுனிங் 1905 வாக்கில் தானியங்கி பிஸ்டலுக்காக .45 ஏசிபியை உருவாக்கியபோது உறையின் நீளம் 0.898 அங்குலம்தான். முதலில் 200 கிரெயின் குண்டோடுதான் தொடங்கினார். பிலிப்பீன்ஸ் போரில் .38 ரிவால்வர்கள் கைகொடுக்கவில்லை என்ற கசப்பிலும், 1904-இல் தாம்ப்சன், லகார்டே என்ற இரு அதிகாரிகள் நடத்திய சோதனைகளின் அடிப்படையிலும், அமெரிக்க ராணுவம் பெரிய, கனமான குண்டே வேண்டும் என்று நின்றது. கடைசியில் 230 கிரெயினில் நிலைபெற்றது. 1911-இல் ஏற்கப்பட்ட பிஸ்டலின் மேகசின், குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் தோட்டாவை ஏறவைக்கும் ஏற்றச் சரிவு, வில் எல்லாமே உருண்டை மூக்கும் செம்புக் கவசமும் கொண்ட அந்த 230 கிரெயின் குண்டைச் சுற்றியே வளர்ந்தவை. நீங்கள் செய்ய நினைப்பது, ரிவால்வரின் குண்டை அதைவிடக் குட்டையான உறையில், வேறொரு மூக்கு வடிவத்துக்காகச் செய்த துப்பாக்கிக்குள் நுழைப்பது. முடியாத காரியம் இல்லை. அளவுகளைப் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம்.

எடை கூடினால் ஸ்லைடு அடி வாங்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். இதில் இயற்பியல் தெளிவாக இருக்கிறது. ஸ்லைடு எவ்வளவு வேகமாகப் பின்னால் போகும் என்பதைத் தீர்மானிப்பது உந்தம், அதாவது எடையை வேகத்தால் பெருக்கி வரும் தொகை. 230 கிரெயின் குண்டு நொடிக்கு 830 அடி வேகத்தில் போனாலும், 255 கிரெயின் குண்டு நொடிக்கு 750 அடியில் போனாலும் பெருக்குத்தொகை ஏறத்தாழ ஒன்றுதான். கனமான குண்டை அதற்குரிய மெதுவான வேகத்தில் அனுப்பினால் ஸ்லைடுக்கு வித்தியாசம் தெரியாது. வில்லை மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. ஐந்து அங்குல 1911-க்கு வழக்கமான 16 பவுண்டு வில்லே போதும். எடையையும் கூட்டி, வேகத்தையும் பழைய அளவிலேயே வைத்துக்கொள்ள ஆசைப்படும்போதுதான் துப்பாக்கி அடி வாங்குகிறது. அப்போது கடினமான வில்லைப் போட்டுச் சமாளிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அறிகுறியை மறைப்பதாகவே அது முடியும்.

குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே ஸ்லைடு திறந்துவிடுமோ என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி, ஒரு எளிய கணக்கே பதில் சொல்லிவிடும். குண்டு குழலுக்குள் ஏறத்தாழ 107 மில்லிமீட்டர் முன்னே ஓடுகிறது. ஸ்லைடும் குழலும் பூட்டிக்கொண்ட நிலையில் சேர்ந்து அரை கிலோவுக்குச் சற்று மேல். எடைகளின் விகிதத்தில் அவை பின்னால் நகரும். 230 கிரெயின் குண்டுக்கு அது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். 255 கிரெயினுக்கு மூன்றரை. வேகம் இந்தக் கணக்கில் வரவே வராது, எடை மட்டும்தான். அந்த அரை மில்லிமீட்டர் வித்தியாசம் பூட்டு விலகும் எல்லைக்குள் வந்துவிடாது. வில்லின் தடையையும் சுத்தியலின் தடையையும் நான் விட்டுவிட்டேன்; அவற்றைச் சேர்த்தால் எண் இன்னும் குறையும். ஆகவே இந்தப் பயம் வேண்டாம்.

பயப்பட வேண்டிய இடம் வேறு: உறைக்குள் மிச்சமிருக்கும் இடம். 230-க்கும் 255-க்கும் இடையில் 25 கிரெயின் ஈயம் கூடுதல். குண்டின் விட்டம் மாறாது என்பதால் அந்த ஈயம் நீளமாகத்தான் சேர வேண்டும். ஈயக் கலவையின் அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர். குண்டில் மசகு வைப்பதற்கான பள்ளங்கள் ஈயத்தைக் குடைந்து எடுத்திருப்பதால் நடைமுறையில் இன்னும் சற்றுக் கூடும். தோட்டாவின் மொத்த நீளத்துக்கோ உச்ச வரம்பு உண்டு: .45 ஏசிபிக்கு 1.275 அங்குலம். அதைத் தாண்டினால் மேகசினுக்குள் போகாது. வெளியே நீள முடியாத குண்டு உள்ளே இறங்குகிறது. மருந்து எரிவதற்கான இடம் சுருங்குகிறது. சிறிய பிஸ்டல் உறைகளில் இது எவ்வளவு கொடூரமானது என்பதற்கு ரீலோடிங் கையேடுகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு: 9 மில்லிமீட்டர் தோட்டாவில் குண்டை 0.030 அங்குலம், அதாவது முக்கால் மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக அழுத்தியபோது அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. .45 உறை பெரியது, அதன் அழுத்தமும் குறைவு என்பதால் அவ்வளவு கடுமையாக இருக்காது. ஆனால் திசை ஒன்றுதான். 230 கிரெயினுக்கு எழுதிய மருந்து அளவை 255 கிரெயின் குண்டின் அடியில் போடுவது எந்த நிலையிலும் கூடாது.

.45 ஏசிபியின் உச்ச அழுத்த வரம்பு 21,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). 9 மில்லிமீட்டருக்கு அது 35,000. இரும்பு தாங்கும், கொஞ்சம் கூடினால் என்ன என்று சிலர் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். பழைய பாணி 1911 குழலில் ஏற்றச் சரிவு இருக்கும் இடத்தில், உறையின் அடிப்பகுதியில் ஒரு சிறு பிறை வடிவத்துக்கு இரும்பு அணைப்பே கிடையாது. அங்கே பித்தளை மட்டும்தான் நிற்கிறது. அழுத்தம் எல்லை மீறினால் உறை கிழிவது அந்த இடத்தில். வாயு கீழ்நோக்கி மேகசின் வழியாகப் பாயும், கைப்பிடித் தகடுகள் சிதறும். இன்னொன்று. .45 உறையில் போடும் வேகமான மருந்து உறையின் பாதியைக்கூட நிரப்பாது. தவறி இரண்டு முறை மருந்து விழுந்தாலும் வழியாமல் உள்ளே அடங்கிவிடும். கனமான குண்டு ஆழமாக உட்காரும் தோட்டாவில் இது இரட்டை ஆபத்து. குண்டு வைக்கும் முன் ஒவ்வொரு உறைக்குள்ளும் விளக்கு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தே தீர வேண்டும். மருந்தே விழாத தோட்டாவும் அதே அளவு ஆபத்து: உறையின் அடியில் இருந்து தீ மூட்டும் பிரைமரின் வலுவில் குண்டு குழலுக்குள் ஏறிச் சிக்கி நிற்கும். சத்தம் வழக்கத்தைவிடச் சப்பென்று கேட்டால் அடுத்த தோட்டாவைச் சுடாதீர்கள்; துப்பாக்கியைக் காலி செய்து, பிரித்து, குழலின் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

இனி ஸ்லைடு மூடாத விவகாரம். உங்கள் அச்சு வார்க்கும் வடிவத்துக்கு செமி வாட்கட்டர் என்று பெயர்: தட்டை மூக்கு, அதன் கீழே குண்டின் முழு விட்டத்துக்கு ஒரு கூர்மையான தோள். ரிவால்வரில் இந்தத் தோளும் அதன் கீழுள்ள அகலமான முன்பட்டையும் உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். உருளையின் துளையில் அதற்கு இடம் உண்டு. 1911-இன் அறையில் அந்த இடம் மிகக் குறைவு. உறையின் வாய் முடியும் இடத்தைச் சற்றுத் தாண்டியதுமே, குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள் தொடங்கிவிடும். முன்பட்டை அங்கே போய் இடித்துக்கொள்ளும். ஸ்லைடு மூடும் கடைசி இரண்டு மில்லிமீட்டரில் நின்றுவிடும். நீங்கள் விவரித்தது அச்சு அசலாக இதுதான்.

இதைச் சோதிக்கத் துப்பாக்கியைச் சுட வேண்டாம். பிஸ்டலைப் பிரித்துக் குழலை மட்டும் வெளியே எடுங்கள். அறை மேலே இருக்கும்படி பிடித்து, நீங்கள் நிரப்பிய தோட்டாவை விரலிலிருந்து நழுவ விடுங்கள். ‘டொக்’ என்று விழுந்து, உறையின் அடித்தகடு குழலின் பின்நாக்கோடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். குழலைக் கவிழ்த்தால் தன் எடையிலேயே வெளியே விழ வேண்டும். மூன்றில் எது தவறினாலும், தோட்டா முழுவதும் கறுப்பு மார்க்கர் பேனாவால் பூசி, மறுபடி இறக்கிச் சுற்றிப் பாருங்கள். மை எங்கே சுரண்டப்பட்டிருக்கிறதோ அங்கேதான் கோளாறு. முன்பட்டையில் வரிசையாக நகக்கீறல் போன்ற ஆறு தடங்கள் தெரிந்தால் வரிப்பள்ளத்தின் மேடுகளில் இடிக்கிறது என்று பொருள். உறையின் வாய் விளிம்பில் மட்டும் மை போயிருந்தால் மணிவாய் போல விரித்த விளிம்பு சரியாக மூடப்படவில்லை. உறையின் நடுவில், குண்டின் அடிப்பகுதி இருக்கும் உயரத்தில் வளையமாகப் போயிருந்தால் உறை வீங்கியிருக்கிறது.

விளிம்பைப் பற்றி ஒரு சொல். .45 ஏசிபி தோட்டா அறைக்குள் நிற்பதே உறையின் வாய் விளிம்பில்தான். ரிவால்வர் தோட்டாவைப் போல விளிம்பைக் குண்டின் பள்ளத்துக்குள் சுருட்டி மடக்கினால், அது நிற்க வேண்டிய படியைத் தாண்டி உள்ளே போகும். இங்கே செய்ய வேண்டியது நேரான சரிவுக் கிரிம்ப், அதாவது விளிம்பை மடக்காமல் லேசாக உள்நோக்கி இறுக்குவது மட்டும். 0.452 அங்குலக் குண்டு, இருபுறமும் ஏறத்தாழ பத்தாயிரத்தில் தொண்ணூற்றைந்து அங்குலப் பித்தளை. கூட்டினால் வாயில் 0.471 வருகிறது. கேலிப்பரில் 0.470-க்கும் 0.472-க்கும் இடையில் காட்டினால் போதும். அதற்குமேல் இறுக்கினால் ஈயம் நசுங்கும். பித்தளை சற்று மீண்டு விரிந்துகொள்ளும், ஈயம் மீளாது. பிடி தளர்ந்து குண்டு உள்ளே நழுவும் ஆபத்தே கூடும். நிரப்பிய தோட்டாவின் மூக்கை மேசை விளிம்பில் கட்டைவிரலால் வலுவாக அழுத்திப் பார்த்து, நீளம் குறைந்திருக்கிறதா என்று அளப்பது நல்ல பழக்கம்.

மேகசினையும் ஒரு கண் பாருங்கள். ராணுவ மாதிரியின் சரிந்த உதடுகள் உருண்டை மூக்குத் தோட்டாவைக் கடைசி வரை பிடித்து வழிநடத்துபவை. இலக்குச் சுடுதலுக்கான மேகசின்களின் உதடுகள் தோட்டாவை முன்னதாகவே விட்டுவிடும். தட்டை மூக்குக்கு அது உதவும். சட்டகத்தின் சரிவுக்கும் குழலின் சரிவுக்கும் இடையில் முப்பத்திரண்டில் ஒரு அங்குல இடைவெளி இருக்க வேண்டும் என்பது பழைய துப்பாக்கிக் கம்மியர்களின் விதி. அது இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் சரிவை நீங்களே தேய்த்துப் பளபளப்பாக்கத் தொடங்காதீர்கள். அங்கே எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது.

ஈயம் அப்புவதற்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் மையம் இது. ஈயம் எங்கே அப்புகிறது என்பதே பாதி நோயறிதல். வாயருகே, குழலின் முன்பாதியில் மட்டும் இருந்தால் மசகு வழியிலேயே தீர்ந்துபோயிருக்கிறது. அறைக்கு அடுத்து, வரிப்பள்ளம் தொடங்கும் இடத்தில் இருந்தால் குண்டு குழலைவிடச் சிறியது. அதன் பக்கவாட்டில் வாயு பீறிட்டு, ஈயத்தை உருக்கி அரித்து, குழலில் பூசுகிறது. நீங்கள் சொல்வது இரண்டாவது. உங்கள் அச்சு .45 கோல்ட்டுக்கானது, பழைய கோல்ட் ரிவால்வர்களின் பள்ள விட்டம் (குழலின் எதிரெதிர் வரிப்பள்ளங்களின் அடிகளுக்கு இடையிலான அளவு) 0.454 அங்குலம் என்பதால் குண்டு பெரிதாகத்தானே இருக்கும், எப்படிச் சிறியதாகும் என்று கேட்பீர்கள். அச்சிலிருந்து விழும்போது பெரியதுதான். குண்டைக் குறித்த விட்டத்துக்கு இறுக்கும் சைசர் வளையத்தில் 0.452-க்குத் தள்ளுகிறீர்கள், அதுவும் சரிதான். சுருங்குவது அதற்குப் பிறகு, உறைக்குள்.

.45 ஏசிபி உறையின் சுவர் மேலிருந்து கீழே ஒரே கனத்தில் இல்லை. அடியை நோக்கித் தடித்துக்கொண்டே போகும். 230 கிரெயின் குண்டின் அடி அந்தத் தடிப்புக்கு மேலேயே நின்றுவிடும். 255 கிரெயின் குண்டு, அதுவும் முன்பட்டை இடிக்காமலிருக்க ஆழமாக அழுத்தப்பட்டது, தடிப்புக்குள் புகுந்துவிடும். பித்தளை ஈயத்தைவிடப் பல மடங்கு கடினம். உறை சற்று வீங்கும், குண்டின் அடிப்பகுதி சற்று நசுங்கும். 0.452 ஆக உள்ளே போன குண்டு 0.449 ஆக உட்கார்ந்திருக்கும். உறையின் வாயை விரிக்கும் கருவிப்பகுதியும் பெரும்பாலும் கவசக் குண்டுக்காகச் செய்தது, குட்டையும் ஒல்லியுமானது. அது இந்த நசுக்கலுக்கு உடந்தை. வாயுவைத் தடுக்க வேண்டிய அடிப்பட்டைதான் நசுங்குகிறது என்பதால் விளைவு பெரிது.

இதை ஊகிக்க வேண்டியதில்லை. பிரைமரும் மருந்தும் இல்லாத வெற்று உறையில் ஒரு குண்டை வழக்கம்போல் பொருத்தி, கிரிம்பும் செய்து, குண்டுநீக்கும் சுத்தியலால் தட்டி வெளியே எடுங்கள். மைக்ரோமீட்டரில் முன்பட்டையையும் அடிப்பட்டையையும் தனித்தனியே அளங்கள். கேலிப்பர் இந்த வேலைக்குப் போதாது. பத்தாயிரத்தில் ஒரு அங்குலம் வாசிக்கும் மைக்ரோமீட்டர் வேண்டும். பிறகு உங்கள் குழலை அளக்க வேண்டும். எண்ணெய் தடவிய குழலுக்குள் பள்ள விட்டத்தைவிடச் சற்றுப் பெரிய சுத்தமான மென்ஈயத் துண்டை மரக்கோலால் தட்டி மறுபுறம் வெளியே எடுத்தால், அதன் மீது குழலின் அச்சு பதிந்திருக்கும். வழக்கமான 1911 குழலில் ஆறு பள்ளங்கள் என்பதால் எதிரெதிர்ப் பள்ளங்களை நேரடியாக அளக்கலாம். அந்த எண்ணைவிடக் குண்டின் அடிப்பட்டை, உறையிலிருந்து பிடுங்கிய பிறகும், ஆயிரத்தில் ஒரு அங்குலம் பெரியதாக இருக்க வேண்டும். இருந்தால் ஈயம் அப்புவது பெரும்பாலும் நின்றுவிடும். இல்லையென்றால் எந்தக் கலவையும் உங்களைக் காப்பாற்றாது. ஈயக் குண்டுக்கென்று விற்கும் நீளமான, சற்றுப் பெரிய விரிப்பானை வாங்குவதுதான் உங்கள் முதல் செலவாக இருக்க வேண்டும்.

இப்போது கடினம். பிரினெல் என்ற கடின அளவில் சுத்த ஈயம் ஏறத்தாழ 5; கார்ச் சக்கரங்களின் சமநிலைக்காக மாட்டும் பழைய ஈய எடைகள் 9 முதல் 12; 90 பங்கு ஈயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆன்டிமணி சேர்ந்த, லைமன் இரண்டாம் எண் என்று வழங்கும் கலவை 15; 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆன்டிமணி, 4 பங்கு வெள்ளீயம் கொண்ட லினோடைப் 22. ஈய எழுத்து கோத்த காலத்து நம் அச்சகங்களில் உருகியதும் இந்தக் குடும்பத்து உலோகம்தான். பரவலாகச் சொல்லப்படும் சூத்திரம் ஒன்று உண்டு: பிரினெல் எண்ணை 1,422-ஆல் பெருக்கினால் குண்டின் அடி விரிந்து குழலை அடைக்கத் தேவையான அழுத்தம் பிஎஸ்ஐ-யில் கிடைக்கும். அதன்படி 15 எண் கலவைக்கு 21,330; .45-இன் உச்ச வரம்பையே தொடுகிறது. லினோடைப்புக்கு 31,000-க்கு மேல்; .45-இல் நடக்காத காரியம்.

ஒரு உலோகவியலாளனாக இந்தச் சூத்திரத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. 1,422 என்பது கிலோ/சதுர மில்லிமீட்டரை பிஎஸ்ஐ-யாக மாற்றும் எண், அவ்வளவுதான். கடின எண் என்பது உலோகம் நெகிழத் தொடங்கும் வலிமையின் ஏறத்தாழ மூன்று மடங்கு. அப்படிப் பார்த்தால் குண்டு அதைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே நெகிழ வேண்டும். மறுபுறம், மில்லிநொடிக்குள் முடிந்துபோகும் அழுத்தத்தில் உலோகம் மெதுவான சோதனையில் காட்டும் குணத்தைக் காட்டாது. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து சூத்திரம் ஓரளவு வேலை செய்கிறதோ என்னவோ. நடைமுறையில் பயன்படும் வழிகாட்டி, நிறுவப்பட்ட விதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது காட்டும் திசையில் எனக்குச் சந்தேகமில்லை: .45-இன் மிதமான அழுத்தத்துக்கு 10 முதல் 14 வரையிலான கலவை தாராளம். சற்றுச் சிறிதாகிவிட்ட மென்மையான குண்டு விரிந்து தன் குறையை மறைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. சிறிதாகிவிட்ட கடினமான குண்டுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. கடையில் ‘ஹார்ட் காஸ்ட்’ என்று விற்கும் குண்டுகளில் பலவும் .45-இல் ஈயத்தை அப்புவது இதனால்தான்.

சக்கர எடை வாங்கினால் துத்தநாகத்தைக் கவனியுங்கள். கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்கள் ஈய எடைகளைத் தடை செய்த பிறகு வாளியில் பாதி துத்தநாகமாகவும் இரும்பாகவும்தான் வருகிறது. ஈயக் கலவை 327 டிகிரிக்குள் உருகிவிடும்; துத்தநாகம் 419 டிகிரி வரை உருகாது. உருக்குபானையை 370 டிகிரிக்கு மேல் போகவிடாமல் வைத்திருந்தால் துத்தநாகத் துண்டுகள் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். உருகிக் கலந்துவிட்டால் உலோகம் கஞ்சிபோல் தடித்து, அச்சின் மூலைகளை நிரப்பாது. வெள்ளீயம் இரண்டு சதவீதம் சேர்த்தால் நிரப்பம் நன்றாக இருக்கும். அதற்குமேல் போடுவது பணவிரயம். ஆன்டிமணி உள்ள குண்டுகளைச் சூடாக வாளித் தண்ணீரில் விழவைத்தால் கடினம் கூடும், சக்கர எடைகளில் இருக்கும் சிறிதளவு ஆர்சனிக் அதற்குத் துணை. சில நாட்கள் வைத்திருந்தால் இன்னும் ஏறும். உங்களுக்கு அது தேவையே இல்லை. அந்தத் தண்ணீரின் ஒரு துளி உருக்குபானைக்குள் விழுந்தால் நீராவி வெடித்து ஈயம் முழுவதும் முகத்துக்கு வரும். தேவையற்ற பலனுக்காக அந்த ஆபத்தை அருகில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பவுடர் பூச்சு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏறத்தாழ 200 டிகிரியில் அடுப்பில் சுட்டு ஒட்டவைக்கும் அந்த நெகிழிப்பூச்சு மசகுக்கு நல்ல மாற்று. புகை குறைவு, கையில் ஈயம் படுவதும் குறைவு. பூச்சு விட்டத்தைக் கூட்டும் என்பதால் பூசிய பிறகு சைசரில் தள்ளி, குழல் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். அதற்குத் தனி அடுப்பு. சமையலறை அடுப்பு கூடவே கூடாது. பொருத்தமில்லாத குண்டை அது காப்பாற்றுமா என்பதில் அனுபவஸ்தர்களே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். ஓரளவு மன்னிக்கும் என்பது என் அனுபவம். நசுங்கிய அடிப்பட்டையை முழுவதும் மன்னித்து நான் பார்த்ததில்லை.

இதற்கெல்லாம் பிறகும் 255 கிரெயினுக்கு நிற்க வேண்டுமா என்பது உங்கள் முடிவு. காகித இலக்குக்கென்றால் எனக்குக் காரணம் தெரியவில்லை. யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமெரிக்கச் சுடுதல் சங்கத்தின் போட்டியில் மேஜர் வகுப்புக்கு, எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்த எண் 165 வேண்டும். 230 கிரெயின் குண்டு நொடிக்கு 720 அடிக்கே அதை எட்டிவிடும். 1911-இல் துல்லியத்துக்குப் பேர்போன வார்ப்புக் குண்டு 200 கிரெயின் செமி வாட்கட்டர். அதன் மூக்கு நீளமே உருண்டை மூக்கைப் போலச் சரிவில் ஏறும்படி கணக்கிடப்பட்டது. காட்டுப்பன்றிக்கு ஆழமான ஊடுருவல் வேண்டும் என்றால் கனத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது, அதற்கும் .45 கோல்ட் ரிவால்வர் இயல்பான கருவி. கலிபோர்னியாவில் வேட்டையாடப் போவதாக இருந்தால் 2019 ஜூலை முதல் அங்கே வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது. இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம், இங்கே எழுதியது எதுவும் அங்கே வீட்டில் செய்வதற்கல்ல.

அப்பிய ஈயத்தை எடுக்க, பழைய குழல் தூரிகையில் சுத்தமான செம்பு இழையைச் சுற்றித் தேயுங்கள். எஃகை அது கீறாது. வினிகரும் பெராக்சைடும் கலந்து ஊற்றச் சொல்லும் ஆலோசனையைப் பின்பற்றாதீர்கள்: ஈயத்தைக் கரைத்து, தோல் வழியாகவும் ஏறக்கூடிய நச்சு உப்பாக்கும், குழலின் எஃகையும் அரிக்கும். கவசக் குண்டுகளைச் சுட்டு ஈயத்தைத் தள்ளிவிடலாம் என்பவர்களையும் கேட்காதீர்கள். ஈயம் அப்பிக் குறுகிய குழலில் அது அழுத்தத்தை ஏற்றும்.

உடல்நலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் சிறு குழந்தை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வார்க்கும் வெப்பத்தில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. உடலுக்குள் போவது பெரும்பாலும் கசடின் மேலிருக்கும் சாம்பல்நிறத் தூள், சுட்ட உறைகளைச் சுத்தம் செய்யும்போது பறக்கும் பிரைமர் தூசி, கழுவாத கை, அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்குவது ஆகியவற்றால். பிரைமரிலும் ஈயச் சேர்மம் உண்டு. மூடிய சுடுதளத்தின் காற்றில் அது இருக்கும். குழந்தைகளுக்கு அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் வைத்திருக்கும் எச்சரிக்கை அளவு ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு மூன்றரை மைக்ரோகிராம்; அது மிகச் சிறிய அளவு. மின்கலத் தொழிற்சாலையில் எங்களுக்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம், உடை மாற்றாமல் வெளியே போக முடியாது. அதே ஒழுங்கை வீட்டிலும் வையுங்கள்: திறந்த வெளியில் அல்லது காற்றிழுக்கும் கொட்டகையில் வார்ப்பு, தனி உடை, தனிச் செருப்பு, தனிச் சலவை, கசடை மூடிய டப்பாவில் போட்டு ஈயம் வாங்குபவரிடம் ஒப்படைப்பது, தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது. இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லி உங்களுக்கும் குழந்தைக்கும் ரத்தத்தில் ஈய அளவு பாருங்கள். பிறகு உங்களுடையதை ஆண்டுக்கொரு முறை.

இவற்றைச் செய்த பிறகும் கோளாறு நிற்கவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். எழுதும்போது குழலின் பள்ள விட்டம், பிடுங்கிய குண்டின் முன்பட்டை, அடிப்பட்டை விட்டங்கள், தோட்டாவின் மொத்த நீளம், மை எங்கே சுரண்டப்பட்டிருந்தது என்பவற்றைச் சேர்த்து எழுதுங்கள். அந்த எண்கள் இல்லாமல் இதற்குமேல் நான் சொல்வதெல்லாம் ஊகமாகிவிடும்.